கம்மலை அடகு வைத்து மானிட்டர் வாங்கலாமா?

வாசகர் கடிதம்: சிஸ்டர், நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாம்பன் பக்கம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை. எங்கள் விடுதிக்கு ஒருவர் வந்து மாணவிகளுக்கான கிட் என்று ஒரு பெட்டி காட்டினார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர், டிஜிட்டல் பிபி மிஷின், குளுக்கோமீட்டர், ஸ்டெத், ஈசிஜி கோடு காட்டும் கையடக்க மானிட்டர் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். 500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு அம்மா கம்மலை அடகு வைக்கிறேன் என்கிறார். வார்டில் மிஷின் கைக்குக் கிடைக்காது, சொந்தமாக இருந்தால்தான் தொழில் படியும் என்று சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் பிபி பார்த்துச் சொல் என்று கையை நீட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் அம்மாவிடம், கம்மல் காதிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடு. மற்றதை அப்புறம் நிதானமாகப் படி.

நீ வாங்க வேண்டியது இரண்டே பொருள். ஒரு நல்ல ஸ்டெத், விநாடி முள் ஓடும் ஒரு கைக்கடிகாரம். விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பார்க்க ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டியில் இருக்கும் மற்ற எதுவும் இரண்டாம் ஆண்டில் உனக்குத் தேவையில்லை. 31 வருடம் வார்டிலும் அப்புறம் நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதிலும் இருந்தவள் நான். உன் சீனியர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதும் தெரியும். அதற்கும் வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், இரவு டூட்டி. மருத்துவமனை எது என்பது வேண்டாம். ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். வலிக்கு மார்ஃபின் போட்டிருந்தது, ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வார்டுக்கு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்த புதிது. விரலில் மாட்டினேன், 97 காட்டியது. நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்து சார்ட்டில் 97 என்று எழுதினேன். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் 18 என்று எழுதினேன். எண்ணவில்லை. எல்லோருக்கும் 18, 20 என்று போட்டுவிடும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்த சீனியர் சிஸ்டர் மிஷின் பக்கமே திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடத்துக்கு ஏழு மூச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோளை உலுக்கினார், கண் திறக்கவில்லை. டாக்டர் ஓடிவந்து, மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் ஊசியைப் போட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நான் எழுதிய 18-ஐ சிஸ்டர் விரலால் தொட்டுக் காட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்த விரல் எனக்கு மறக்கவில்லை.

மிஷின் பழுதில்லை மகளே. வெளியிலிருந்து ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு குறைந்தாலும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ரொம்ப நேரம் சரியாகவே இருக்கும். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடுதான் உள்ளே தேங்கும். அதை அந்தக் கருவி அளப்பதே இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொன்னது. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். படிக்கிற காலத்திலேயே பையில் ஆக்ஸிமீட்டர் இருந்தால், கை முதலில் அதைத்தான் தேடும். வயிற்றில் உள்ளங்கை வைக்கும் பழக்கம் வரவே வராது. என் முதல் பயம் இதுதான்.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2012-ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே பிடிப்பதற்கான முறை அது. ஆறு விஷயம் பார்க்கச் சொல்கிறது: மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, மேல் பிபி, நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் சூடு. முதலில் நிற்கும் மூச்சுக்கு உன் கண்ணும் கடிகாரமும் போதும். நாடிக்கு மூன்று விரல். சுயநினைவுக்கு நீ பேச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறில் மூன்று உன்னிடம் இப்போதே இருக்கிறது. மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணு. எண்ணுகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதே, சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைப் பார்த்து எண்ணிவிடு.

சரி, கருவிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டால், வார்டில் இருக்கும் மிஷினையே நீ இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர், டகுவோ ஆவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1974-ல் முன்வைத்த யோசனையில் பிறந்தது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரல் வழியே பாய்கின்றன. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் ஒன்றை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் மற்றதை. துடிக்கும் ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் அவர் கண்ட சூட்சுமம். அப்படியானால் விரலில் துடிப்பு வந்து சேராவிட்டால் கணக்கு என்ன ஆகும்? வாடைக்காற்றில் விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வந்தவரின் விரல் சில்லிட்டுச் சுருங்கியிருக்கும். அப்படி ஒருவருக்கு 84 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவரோ சிரமமே இல்லாமல் மீன்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் 98. உப்பளத்தில் வேலை செய்து காய்த்துப்போன விரல், நகப்பூச்சு, கல்யாண வீட்டுக் கருமருதாணி, நடுக்கம், வெயில் நேராக விழுவது எல்லாமே எண்ணைக் குழப்பும். விரலை மாற்றிப் பார், காது மடலில் மாட்டும் கருவி இருந்தால் அங்கே பார். புகையில் மாட்டியவருக்கு இது நேர்மாறாக ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்று எண்ணி 99 காட்டும்.

இன்னொன்று, நம் தோல் நிறம். கருப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி ஆக்ஸிஜன் குறைவைக் கவனிக்காமல் விடுவது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. வெயிலிலும் உப்பிலும் கருத்த நம் கடற்கரை ஆட்களுக்கு அளவு எடுக்கும்போது இதை மனதில் வை. ஆள் மூச்சு வாங்குகிறார், உதடு மங்கியிருக்கிறது, மிஷின் மட்டும் 94 என்கிறது என்றால், நீ ஆளை நம்பு. உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

பிபி மிஷினில் டிஜிட்டல் வேண்டவே வேண்டாம் என்பேன், படிக்கும்வரை. கையில் கட்டிய பட்டையின் காற்றை இறக்கும்போது ஸ்டெத்தில் சத்தம் கேட்கும். 1905-ல் கொரட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன அந்தச் சத்தங்களுக்கு உன் காது பழக வேண்டும். டிஜிட்டல் மிஷின் சத்தத்தைக் கேட்பதில்லை, பட்டையில் ஏற்படும் அதிர்வைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. நாடி தாறுமாறாக ஓடுபவருக்கு அந்தக் கணக்கு தப்பலாம். அப்போது மருத்துவர் உன்னிடம்தான் கையால் பார்க்கச் சொல்வார். காது பழகாதிருந்தால் என்ன செய்வாய்? பட்டையின் அளவும் முக்கியம். உள்ளே இருக்கும் காற்றுப்பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். வலை இழுத்து உருண்ட கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிபி வந்துவிடும். அந்தப் பெட்டியில் எத்தனை அளவில் பட்டை இருந்தது என்று நினைத்துப் பார். ஒன்றுதான் இருந்திருக்கும்.

குளுக்கோமீட்டர் விஷயத்தில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. மிஷின் மலிவு, காசெல்லாம் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பில் போகும். ஸ்ட்ரிப்புக்கு ஈரம் ஆகாது. டப்பா மூடியைத் திறந்துபோட்டால் கடற்கரை ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும், அப்புறம் அது காட்டுவது ரத்தத்தின் அளவே இல்லை. சாயல்குடிப் பக்கம் ஒரு முகாமில், கருப்பட்டி காய்ச்சிவிட்டு நேரே வந்த ஒரு அம்மாவுக்கு 380 காட்டியது. பாவம், அழவே ஆரம்பித்துவிட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தோம். 142. விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியைத்தான் முதலில் அளந்திருக்கிறோம். அதைவிடப் பெரிய ஆபத்து ஊசி. விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் பேனா ஒன்றையே வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால் ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோயையும் கூடவே கொண்டுபோய்க் கொடுத்தவள் ஆவாய். ஊசியை மட்டும் மாற்றினேன் என்பதும் செல்லாது, பேனாவின் முனையில் ரத்தம் இருக்கும்.

ஈசிஜி கோடு காட்டும் அந்தக் கையடக்க மானிட்டரைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மாரடைப்பா என்று பார்க்க, இதயத்தைப் பல பக்கத்திலிருந்தும் காட்டும் 12 லீட் ஈசிஜி எடுக்க வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோட்டில் துடிப்பின் ஓட்டம் தெரியும், இதயத்தின் எந்தப் பக்கம் ரத்தம் போகவில்லை என்பது தெரியாது. நெஞ்சு வலிக்கிறது என்று வந்த மாமாவுக்கு அதை வைத்துப் பார்த்து, கோடு நன்றாகத்தான் இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இதை விற்க ஒருவருக்கு மனம் வந்திருக்கிறதே.

இனி உன் சீனியர்கள் சொன்ன நியாயம். வார்டில் மிஷின் போதவில்லை என்பது பல இடத்தில் உண்மை. நாற்பது கட்டிலுக்கு ஒரு பிபி மிஷின், அதிலும் காற்றடிக்கும் பல்பு ஓட்டை. எனக்குத் தெரியாததில்லை. ஆனால் மாணவிகள் ஆளுக்கொரு மிஷினோடு வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால், புது மிஷின் வேண்டும் என்று வார்டு சிஸ்டர் எதற்கு இன்டென்ட் எழுதிப் போடுவார்? பழுதான மிஷின் அலமாரியிலேயே இருக்கும். உன் பேட்ச் படிப்பு முடித்துப் போனதும் அந்த நாற்பது பேருக்கும் ஒன்றுமே இருக்காது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தர தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஓர் அமைப்பே இருக்கிறது. கேட்டு எழுதினால்தான் வரும். குறை எழுத்தில் ஏற வேண்டும். மாணவி நேரடியாக எழுத முடியாதுதான். ஆனால் உங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் நாலு பேர் சேர்ந்து சொல்லலாம், அவர் எழுதலாம். நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது மாணவிகள் சொல்லித்தான் பாதி விஷயம் எனக்கே தெரிந்தது.

கேஸ் ஷீட்டில் ஏறும் எண்ணுக்கு ஒருவர் பொறுப்பு என்பதையும் யோசி. வார்டு மிஷின் தப்பாகக் காட்டினால் அதைச் சரிபார்க்க வேண்டியது மருத்துவமனை. உன் சொந்த மிஷின் தப்பாகக் காட்டி, அதை நம்பி மருந்தின் அளவை மாற்றினால்? பையில் கிடந்து, பேருந்தில் இடிபட்டு, விடுதியில் ஒருமுறை கீழே விழுந்த மிஷினை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்காது. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு அது கிருமியைச் சுமக்கும் என்பது தனி. ஸ்டெத்தையும் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் ஸ்பிரிட் பஞ்சால் துடை. அதைத் துடைக்கிற நர்ஸை நான் இன்னும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊரில் கை நீட்டுகிறவர்கள் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர்கள் உன்னைப் பெருமையாக நினைக்கிறார்கள், முகத்தில் அடித்ததுபோல முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அளந்து சொல்வதோடு வேலை முடிவதில்லை. 170 என்று சொன்னால் அடுத்த கேள்வி, 'மாத்திரையை ரெண்டாப் போடவா புள்ள?' என்று வரும். 120 என்றால், 'அப்ப மாத்திரைய நிப்பாட்டிரலாமா?' என்று வரும். இரண்டுக்கும் பதில் சொல்லும் இடத்தில் நீ இன்னும் இல்லை. மாத்திரை சாப்பிடுவதால்தான் 120 இருக்கிறது என்று புரிய வைப்பது உன்னால் முடியும், அதை மட்டும் செய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிறவர் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்களின் பெயர் அவருடைய பட்டியலில் இருக்கிறதா என்று பார். பாசி எடுக்கவும் கருவாட்டுக் கொட்டகைக்கும் விடியுமுன் கிளம்பிவிடும் பெண்கள்தான் அவர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களைச் சேர்த்துவிட்டால் பத்து பிபி மிஷின் வாங்கியதைவிட அது பெரிய உதவி.

கர்ப்பிணி விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் தாமதிக்காதே. ஐந்து மாதத்துக்கு மேல் ஆனவர், தலைவலி விடவே இல்லை, கண் மங்குகிறது, மேல்வயிறு வலிக்கிறது, முகமும் கையும் திடீரென வீங்கியிருக்கிறது என்றால் எந்த மிஷினையும் தேடாதே. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. யாராவது ஏற்கெனவே அளந்து 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே போக வேண்டும். 160-க்கு 110 என்றால் 108-ஐக் கூப்பிடு. தீவுப் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது உனக்குத் தெரியும். அந்த நேரத்தை வீட்டில் உட்கார்ந்து மூன்று முறை அளந்து பார்ப்பதில் செலவழித்துவிடக் கூடாது.

மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, கைப்பழக்கம் வேண்டும் என்று தோன்றினால், முள் காட்டும் அனிராய்ட் பிபி மிஷின் ஒன்றை அறைத்தோழிகள் நாலு பேர் பங்குபோட்டு வாங்குங்கள். காற்றை முழுக்க இறக்கியபின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும், நிற்காவிட்டால் வாங்காதீர்கள். பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர், உரிமம் எண், பேட்ச் எண், அதிகபட்ச விலை இருக்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர், பிபி மிஷின், குளுக்கோமீட்டர் போன்றவை 2021 ஜனவரி முதல் மருந்துகளைப் போலவே சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. அதே வருடம் ஜூலையில் இவற்றோடு பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் நெபுலைசரையும் சேர்த்து, விற்பனை லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. அப்படி வரம்பு போட வேண்டிய அளவுக்கு முன்பு லாபம் வைத்தார்கள் என்பதை நீயே புரிந்துகொள்.

அதுவரை காசில்லாத ஒரு பயிற்சி சொல்கிறேன். வார்டில் யாருக்காவது மானிட்டர் மாட்டியிருந்தால், திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நில். நாடியைப் பிடித்து எண்ணு, மூச்சை எண்ணு, கையைத் தொட்டுச் சூடு பார், இரண்டு வார்த்தை பேச்சுக் கொடு. உன் எண்களை ஒரு தாளில் எழுது. அப்புறம் திரும்பி மிஷினைப் பார். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே மறுபடி எண்ணு. மானிட்டரில் வரும் மூச்சு எண்ணிக்கை நெஞ்சில் ஒட்டிய லீட், அதாவது ஒயர், வழியே எடுக்கப்படுவது, நோயாளி அசைந்தால் தப்பாகும். உன் எண்ணுதான் சரி என்று தெரியும் ஒரு நாள் வரும். என் மாணவிகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில் வந்தது.

முன்பணம் 500 ரூபாய் பற்றி. ரசீது கொடுத்தாரா? கொடுத்திருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேள், வார்டனிடமும் சொல்லிவை. விடுதிக்குள் வந்து விற்க அவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதும் அப்போது தெரிந்துவிடும். பணம் வராமலே போகலாம். 500 போய்விட்டதே என்று மீதி 9,000-த்தைக் கொடுத்துவிடாதே. ஸ்டெத்தைக்கூட இப்போதே வாங்க வேண்டும் என்று இல்லை. ஜூன் 14-க்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போகட்டும், அப்பா முதல் பங்கு வாங்கி வரட்டும். அதுவரை சீனியர் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள், காதில் வைக்கும் முனையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு.